ஒரு வேளைப் பால், இரண்டு ரூபாய்

அம்மா முதலில் பார்த்தது எருமையைத்தான்.

2025 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அதற்கு மூன்று வாரம் முன்பு, டிசம்பர் 23 அன்று, இயக்குநர் ஷியாம் பெனகல் தம் 90-ஆவது வயதில் காலமாகியிருந்தார். 1976-இல் அவர் எடுத்த 'மந்தன்' படத்தை அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்குப் பல வருடங்களாக உண்டு. மந்தன் என்றால் கடைதல். மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் கொம்புக்கு வண்ணம் பூசி, பொங்கல் ஊட்டி, கறந்த பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்து அம்மா காலை நீட்டி உட்கார்ந்த நேரம் பார்த்துப் படத்தைப் போட்டேன். அவருக்கு ஹிந்தி தெரியாது. வேலை நிமித்தமாகச் சில ஆண்டுகள் வடக்கே இருந்ததால் எனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ரயிலிலிருந்து இறங்கி வரும் கிரீஷ் கர்னாட்டை அம்மா பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கால்நடை மருத்துவர் என்றேன். "ம்" என்றார். எருமை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "இது நம் பக்கத்து எருமை இல்லை பாப்பா. வேறு சாதி. வேளைக்கு எத்தனை லிட்டர் கறக்குமாம்?"

நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு நாள் தவறாமல் பால் கறந்த கை அவருடையது. திண்டுக்கல் மாவட்டத்தில் வேடசந்தூர் பக்கம் எங்கள் ஊர். மழை பொய்த்த வருடங்களில் எங்களைப் படிக்க வைத்தது நிலம் இல்லை. பால்தான். சினிமா சமூகத்தை மாற்றுமா என்று யாராவது கேட்டால் எனக்கு நினைவுக்கு வருவது இந்தப் படம் ஒன்றுதான். அதற்குக் காரணம் படம் எப்படி எடுக்கப்பட்டது என்பதிலும், எடுத்து முடித்த பிறகு அதை என்ன செய்தார்கள் என்பதிலும் இருக்கிறது.

படத்தின் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். குஜராத்தின் ஒரு வறண்ட கிராமத்துக்கு டாக்டர் ராவ் என்ற கால்நடை மருத்துவர் தன் குழுவோடு பால் கூட்டுறவுச் சங்கம் அமைக்க வருகிறார். அங்கே பால் வாங்கிக்கொண்டிருக்கும் தனியார் பண்ணைக்காரர் மிஸ்ராவும், சங்கம் என்றால் தலைவர் பதவி தனக்குத்தான் என்று நினைத்திருக்கும் ஊர்த் தலைவரும், எதையும் நம்பத் தயாராக இல்லாத தலித் மக்களும் இருக்கிறார்கள். விஜய் டெண்டுல்கர் திரைக்கதை, கோவிந்த் நிஹலானி ஒளிப்பதிவு. மிஸ்ராவாக அம்ரீஷ் பூரி, கோபக்கார இளைஞன் போலாவாக நசீருதீன் ஷா, பிந்துவாக ஸ்மிதா பாட்டீல். ராஜ்கோட்டுக்குப் பக்கத்தில் சங்கன்வா என்ற கிராமத்திலேயே தங்கிப் படம் எடுத்தார்கள்.

இனி அந்த இரண்டு ரூபாய்க்கு வருகிறேன்.

படம் தொடங்குவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அதன் உண்மைக் கதை தொடங்கிவிட்டது. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பால் வாங்கி பம்பாய்க்கு அனுப்பும் உரிமை ஒரே ஒரு தனியார் பால் நிறுவனத்தின் கையில் இருந்தது. கறந்தவருக்கு அவர்கள் கொடுத்ததுதான் விலை. 1946 ஜனவரியில் சமர்கா என்ற ஊரில் விவசாயிகள் கூடினார்கள். அந்த நிறுவனத்துக்கு இனி ஒரு சொட்டுப் பால்கூடக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். பதினைந்து நாள் வேலைநிறுத்தம். கறக்காவிட்டால் மடி கட்டிக்கொள்ளும். கறந்தால் விற்க முடியாது. கறந்த பாலைத் தரையில் கொட்டுவதற்கு எப்படிப்பட்ட மனம் வேண்டும் என்பது மாடு வைத்திருப்பவர்களுக்குப் புரியும். அந்த ஆண்டு டிசம்பரில், பின்னாளில் அமுல் என்று பெயர் பெற்ற கேடா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கம் பதிவானது. தலைவர் திரிபுவன்தாஸ் படேல். 1949-இல் அங்கே வேலைக்கு வந்து சேர்ந்தவர்தான் வர்கீஸ் குரியன். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னையில் லயோலாவிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்தவர்.

பெனகல் முதலில் இந்தப் பால் கூட்டுறவுகளைப் பற்றி ஆவணப்படங்கள் எடுத்தவர். ஆனால் ஆவணப்படத்தைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அந்த விஷயத்தை ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர்கள். ஒப்புக்கொள்ளாதவரை உட்கார வைக்க வேண்டுமானால் கதை வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. குரியனிடம் போய்ச் சொன்னார். பணம்தான் கேள்வி. பத்து லட்சம் ரூபாய் தேவைப்பட்டது. குரியன் கூட்டுறவின் உறுப்பினர்களிடமே போனார். 5 லட்சம் விவசாயிகள், ஆளுக்கு 2 ரூபாய். ஒரு வேளைப் பாலுக்கு வர வேண்டிய காசில் இரண்டு ரூபாயைக் குறைத்து வாங்கிக்கொண்டார்கள். படத்தின் தொடக்கத்தில் தயாரிப்பாளர் பெயர் வரும் இடத்தில் குஜராத்தின் 5 லட்சம் விவசாயிகள் இருக்கிறார்கள்.

படம் வெளியானதும் தயாரிப்பாளர்கள் லாரியிலும் மாட்டு வண்டியிலும் கிளம்பி வந்து தங்கள் படத்தைப் பார்த்தார்கள். அந்தக் கொட்டகைகளில் உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களை நான் பலமுறை கற்பனை செய்து பார்த்திருக்கிறேன். திரையில் வரும் செம்பு, மண் சுவர், வட்டிக் கணக்கு எல்லாம் அவர்களுடையவை. அவற்றைத் திரையில் கொண்டுவந்த காசும் அவர்களுடையது.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஊருக்கு அரசாங்கப் பிரசார வேன் வரும். பள்ளிக்கூடத்து மைதானத்தில் வெள்ளைத் திரை கட்டி, மலேரியா, குடும்பக் கட்டுப்பாடு, சிறுசேமிப்பு என்று படம் போடுவார்கள். பாதிப் பேர் முதுகைத் திருப்பிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தப் படங்களில் சொன்னது எதுவும் தவறில்லை. கொசு வலை கட்டச் சொன்னது நல்லதற்குத்தான். ஆனால் திரையிலிருந்து யாரோ ஒரு பெரிய மனிதர் எங்களைப் பார்த்துப் பேசினார். எங்களுக்குள் இருக்கும் சண்டையும் சாதியும் பயமும் அவர் கண்ணில் படவே இல்லை. மலேரியாப் படத்தில் வரும் கிராமத்தில் எல்லோரும் ஒரே குளத்தில் தண்ணீர் எடுத்தார்கள். எங்கள் ஊரில் அப்படி இல்லை. குழந்தைக்கே தெரியும் பொய் அது.

'மந்தன்' அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. சங்கத் தேர்தலில் தலித் மக்கள் ஒன்று சேர்ந்து தங்கள் ஆளை ஜெயிக்க வைக்கிறார்கள். ஊர்த் தலைவரால் அதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. சங்கம் அமைத்தாயா, அதோடு நிறுத்திக்கொள், ஊர் அரசியலில் தலையிடாதே என்று ராவின் கூட வந்தவரே சொல்கிறார். தலையிடாமல் எப்படிச் சங்கம் அமைப்பது என்பது ராவின் கேள்வி. இந்த இடத்தில் நான் மொழிபெயர்ப்பதை நிறுத்தியும் அம்மா கேட்கவில்லை. அவருக்கு வசனம் தேவைப்படவில்லை.

எங்கள் ஊர்ச் சொசைட்டி வாசலில் காலை ஆறு மணிக்கு ஒரு வரிசை நிற்கும். யார் முதலில் வந்தார்களோ அவர் பால் முதலில். மேலத் தெரு, கீழத் தெரு, காலனி எல்லாத் தூக்குப்போணியும் ஒரே கேனில் கொட்டும். வேறு எந்த வரிசையிலும் எங்கள் ஊர் அப்படிக் கலந்து நின்று நான் பார்த்ததில்லை. கோயிலில் இல்லை, கிணற்றடியில் இல்லை, கல்யாணப் பந்தியில் இல்லை. ஒரே கேனில் விழுந்த பாலைப் பிரித்தெடுக்க முடியாது என்பதால் அது நடந்தது. எல்லோரும் சமம் என்று சுவரில் எழுதி வைத்த எந்த வாசகமும் இதைச் செய்யவில்லை.

பாலில் கொழுப்பைப் பரிசோதித்துப் பார்க்கும் இடம் வந்தபோது அம்மா, "நிறுத்து, நிறுத்து" என்றார்.

நிறுத்தினேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பாலை அளவை மட்டும் வைத்து வாங்கினால் தண்ணீர் கலந்தவருக்கும் கலக்காதவருக்கும் ஒரே விலை. பசும்பாலில் கொழுப்பு மூன்றரை நான்கு சதவீதம் இருக்கும். எருமைப் பாலில் ஆறு ஏழுகூட வரும். வியாபாரி எல்லாவற்றையும் ஒரே விலைக்கு வாங்குவார். அல்லது வாயில் வந்த விலையைச் சொல்வார். 'உன் பால் தண்ணீர்' என்று அவர் சொன்னால் சொன்னதுதான். மறுத்துப் பேச கறப்பவர் கையில் ஒன்றுமில்லை. கொழுப்புப் பரிசோதனை வந்ததும் அந்த வாய்ச்சொல்லுக்கு வேலை போய்விட்டது. அமிலம் ஊற்றி, கண்ணாடிக் குழாயைச் சுழற்றி எடுத்தால் கொழுப்பு மேலே மஞ்சளாகப் பிரிந்து நிற்கும். பக்கத்தில் கோடு போட்டிருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வர்க்கம், சுரண்டல் என்று எத்தனை மேடை போட்டுப் பேசினாலும் புரியாததை அந்தக் குழாய் ஒரு நிமிடத்தில் காட்டிவிடும்.

அம்மா படத்தை நிறுத்தச் சொன்னது 1991-இல் நடந்த ஒன்றைச் சொல்வதற்காக. அப்போது பால் எழுதிக்கொண்டிருந்த ஒருவர் சில பெண்களின் அட்டையில் மட்டும் தொடர்ந்து குறைத்து எழுதி வந்திருக்கிறார். பட்டுவாடா நாளில் கணக்குப் பார்த்தால் பத்து ரூபாய், பதினைந்து ரூபாய் இடிக்கும். கேட்டால், "உன் மாட்டைக் கேள்" என்பாராம். ஒரு நாள் காலையில் அம்மாவும் இன்னும் நான்கு பெண்களும் பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு ஊற்றாமல் நின்றிருக்கிறார்கள். எங்கள் கண் முன்னால் பரிசோதித்து எழுது, இல்லையென்றால் ஊற்ற மாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள். வண்டி வந்து நின்று ஹாரன் அடித்திருக்கிறது. பின்னால் நின்ற வரிசை சத்தம் போட்டிருக்கிறது. கடைசியில் அவர் எழுந்து குழாயை எடுத்தாராம். எனக்கு அப்போது பதினாறு வயது. அதே வீட்டில்தான் இருந்தேன். முப்பத்து நான்கு வருடமாக இந்தக் கதையை அம்மா என்னிடம் சொன்னதில்லை. சொல்வதற்கு உரிய விஷயம் என்று அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. திரையில் ஒரு டாக்டர் குழாயைத் தூக்கிப் பார்த்தபோது தோன்றியது.

படத்தால் ஆகும் காரியங்களில் இதுவும் ஒன்று என்று இப்போது நினைக்கிறேன். அவர் செய்தது பெரிய காரியம் என்பதை அவருக்கே அது காட்டித் தந்தது.

ஆனால் குரியன் அதோடு விட்டிருந்தால் இது ஒரு நல்ல படத்தின் கதையாக முடிந்திருக்கும். திரையரங்குகளில் ஓடி முடிந்த பிறகு படத்தின் பிரதிகளை ஊர் ஊராக அனுப்பினார். கூடவே ஆட்களையும் அனுப்பினார். ஒரு கால்நடை மருத்துவர், ஒரு பால் தொழில்நுட்ப வல்லுநர், ஒரு தீவன வல்லுநர். திரையில் வந்த அதே குழு, நிஜத்தில். இரவில் படம் ஓடும். விடிந்ததும் அவர்கள் ஊரிலேயே இருப்பார்கள். சங்கம் என்றால் என்ன, எத்தனை பேர் சேர வேண்டும், கலப்பினத்தால் என்ன பலன், என் எருமைக்கு ஏன் சினை நிற்கவில்லை, எது வேண்டுமானாலும் கேட்கலாம். ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டமும் கூட்டுறவைப் பற்றிச் சொல்ல இந்தப் படத்தை லத்தீன் அமெரிக்கா வரை எடுத்துச் சென்றது.

சமூகத்தை மாற்றும் படம் என்று ஒவ்வொரு வருடமும் நாலைந்து படங்களைக் கொண்டாடுகிறோம். கண் கலங்கி வெளியே வருகிறோம். மறுநாள் காலையில் நான் என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்தப் படங்களில் பலவற்றிடம் பதில் இல்லை. படம் எடுத்தவர்களிடமும் இல்லை. அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போவதைத் தவிர நமக்கு வேறு வழி வைக்காத படத்தை எப்படி அப்படி அழைப்பது? 'மந்தன்' பார்த்தவருக்கு விடிந்தால் ஒரு கேன் இருந்தது, ஒரு தராசு இருந்தது, கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தார்.

தென் கொரியாவில் நடந்ததும் ஏறக்குறைய இப்படித்தான். குவாங்ஜு நகரத்தில் செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்கான ஒரு பள்ளியில் நடந்த பாலியல் கொடுமைகளைப் பற்றி 2009-இல் ஒரு நாவல் வந்தது. அதை 2011 செப்டம்பரில் 'டோகானி' என்ற படமாக ஹ்வாங் டாங்-ஹ்யுக் வெளியிட்டார். நாற்பது லட்சத்துக்கும் அதிகமானவர்கள் பார்த்தார்கள். அக்டோபர் முடிவதற்குள் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. பதின்மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கும் எதிரான பாலியல் குற்றங்களுக்கு வழக்குத் தொடரக் காலவரம்பு கிடையாது என்றானது. அந்தத் திருத்தத்துக்கு மக்கள் வைத்த பெயரே டோகானி சட்டம். பள்ளியும் மூடப்பட்டது. ஒரு மாதத்தில் நடந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்காக அந்த ஊரில் சிலர் 2005-லிருந்தே தெருவில் நின்று போராடியிருந்தார்கள். எந்தச் சட்டத்தை எங்கே மாற்ற வேண்டும் என்று சொல்லக்கூடியவர்கள் தயாராக இருந்தார்கள். படம் நாட்டையே அவர்கள் பக்கம் திருப்பியது.

பெல்ஜியத்தின் 'ரோசெட்டா' கதையையும் சொல்லிவிட வேண்டும், நேர்மைக்காக. வேலையில்லாத ஓர் இளம்பெண்ணைப் பற்றிய அந்தப் படம் 1999-இல் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப் பனையை வென்றது. அதன் பிறகு வந்த இளைஞர் வேலைவாய்ப்புத் திட்டத்துக்கு அதன் பெயரே வைக்கப்பட்டது. படம் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று உலகம் முழுவதும் எழுதினார்கள். சட்டம் ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்தது என்று மறுத்தவர்கள் அந்தப் படத்தின் இயக்குநர்களான டார்டென் சகோதரர்களே. அவர்கள் மீது எனக்கு மரியாதை கூடியது அதனால்தான். அதே அளவுகோலில் பார்த்தால், வெண்மைப் புரட்சியை 'மந்தன்' கொண்டுவந்தது என்று எழுதுவதும் பொய். அந்தப் புரட்சியைக் கொண்டுவந்த ஆபரேஷன் ஃபிளட் என்ற பால் வளர்ச்சித் திட்டம் 1970-லேயே தொடங்கிவிட்டது. படம் அதன் பாதி வழியில் வந்து சேர்ந்த ஒரு நல்ல வேலைக்காரி.

எனக்கு இந்தப் படத்தோடு ஒரு வழக்கும் உண்டு.

பிந்துவின் எருமை செத்துப்போகிறது. மிஸ்ரா வந்து ஆறுதல் சொல்கிறார். ஒரு காகிதத்தில் கைநாட்டு வாங்கிக்கொள்கிறார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. டாக்டர் ராவ் தன்னிடம் தவறாக நடந்துகொண்டார் என்று அவளே புகார் கொடுத்ததாக அந்தக் காகிதம் மாறுகிறது. அந்தப் படத்தில் என்னால் மறக்க முடியாதது அந்தக் கட்டைவிரல்தான். ஆனால் அதன் பிறகு கதை ராவின் மானத்தைப் பற்றியதாகப் போய்விடுகிறது. பிந்து என்ன ஆனாள்? தேர்தலில் நின்றவர்கள் ஆண்கள். பேசியவர்கள் ஆண்கள். எருமைக்குத் தண்ணீர் காட்டி, சாணி அள்ளி, கறந்து, தலையில் சுமந்துகொண்டு வந்தவர்கள் பெண்கள். சாதியைக் கூர்மையாகக் கண்ட படம் இதை ஓரக்கண்ணால்தான் பார்த்தது. நிஜத்திலும் வெகுகாலம் அப்படித்தான். எங்கள் வீட்டுப் பால் அட்டையில் என் அப்பா பெயர்தான் இருந்தது. அவர் ஒரு நாள்கூடப் பால் கறந்ததில்லை. அவர் இறந்த பிறகுதான் அம்மா பெயர் ஏறியது.

இதை அம்மாவிடம் சொன்னேன். "அப்பா பெயராக இருந்தால் என்ன, காசு என் கையில்தானே வந்தது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "முதல் தடவை என் பெயரை எழுதிக் கொடுத்தபோது அந்த அட்டையை நான் கோயிலில் வைத்துத்தான் எடுத்து வந்தேன்" என்றும் சொன்னார்.

படத்தின் கடைசியில் ராவை மாற்றல் செய்து அனுப்பிவிடுகிறார்கள். ரயில் கிளம்புகிறது. சங்கம் சிதறிப்போன நிலையில், இத்தனை நாள் யாரையும் நம்பாத போலா அதை மீண்டும் தூக்கி நிறுத்தப் புறப்படுகிறான். ராவ் போவதைப் பார்த்தால் எனக்கு எப்போதும் தொண்டை அடைக்கும். அன்றும் குரல் கம்மித்தான் சொன்னேன், "அவரை அனுப்பிவிட்டார்கள் அம்மா."

"அவர் போனால் என்ன? கேன் அங்கேதானே இருக்கிறது."

பல பேர் எழுதிய விமர்சனங்களைப் படித்திருக்கிறேன். இந்த முடிவை இவ்வளவு சரியாக யாரும் சொல்லிப் பார்த்ததில்லை.

2024 மே மாதம் கான் விழாவில் இந்தப் படத்தைப் புதுப்பித்துத் திரையிட்டார்கள். ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் அதை மீட்டெடுத்தது. அந்த வேலையின் ஒரு பகுதி சென்னையில் பிரசாத் கூடத்தில் நடந்தது. நசீருதீன் ஷா போயிருந்தார். ஸ்மிதா பாட்டீல் 1986-லேயே போய்விட்டார். குரியன் 2012-இல். பணம் போட்ட ஐந்து லட்சம் பேரில் எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள்?

படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகுதான் அம்மாவிடம் அந்தப் பணத்தைப் பற்றிச் சொன்னேன். வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன். ஐந்து லட்சம் பேர், ஆளுக்கு இரண்டு ரூபாய், எல்லோரும் உங்களைப் போலப் பால் ஊற்றியவர்கள் என்றேன். அம்மா சேலையை உதறிக்கொண்டு எழுந்தார். கொட்டிலில் தீவனம் வைக்க வேண்டிய நேரம். வாசற்படியில் ஒரு நிமிடம் நின்றார்.

"ஒரு வேளைப் பால். நானும் கொடுத்திருப்பேன் பாப்பா," என்றார். "இங்கே யார் வந்து கேட்டார்கள்?"